சுவருக்கும் மூச்சு உண்டு!

ஒரு ராஜா கோயில் கட்டினால் வழக்கமாக என்ன எழுதி வைப்பான்? இத்தனை பொன் கொடுத்தேன், இவ்வளவு நிலம் விட்டேன், இத்தனை விளக்கு ஏற்றினேன் என்று பட்டியல் போடுவான். பல்லவ ராஜா மகேந்திரவர்மன் போட்ட பட்டியல் நேர்மாறானது. விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டு என்ற ஊரில், ஒரு பாறையைக் குடைந்து கோயில் உண்டாக்கினான். 'என்னவெல்லாம் இல்லாமல் இதைச் செய்தேன் பாருங்கள்' என்று அங்கே கல்லில் வெட்டி வைத்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை!

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இந்தப் பெருமைக்குள் ஒரு ரகசியம் ஒளிந்திருக்கிறது. இந்த நாலும் இல்லாமல் கட்டியது அதிசயம் என்றால், அதுவரை எல்லோரும் இந்த நாலையும் வைத்துத்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். செங்கல், மரம், உலோகம்... சரி. நாலாவதாக வரும் சுதை? வேறொன்றுமில்லை, சுண்ணாம்புச் சாந்து! சுவருக்கு மேலே பூசுகிற பூச்சு. செங்கல்லுக்கும் மரத்துக்கும் சமமாக அதையும் உட்காரவைத்து ஒரு ராஜா கணக்குச் சொல்கிறான் என்றால், அது எவ்வளவு பெரிய சமாசாரமாக இருந்திருக்க வேண்டும்!

மகேந்திரனின் மகன் நரசிம்மவர்மனை மாமல்லன் என்றால் எல்லோருக்கும் தெரியும். சாளுக்கிய ராஜா இரண்டாம் புலிகேசியை அவன் தோற்கடித்த இடங்களைக் கூரம் செப்பேடு வரிசைப்படுத்துகிறது. அதில் ஒன்று மணிமங்கலம். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாகப் போனால் வருகிற அதே மணிமங்கலம்தான். இன்றைக்கு அந்தப் பக்கம் யானைப்படை கிடையாது. ஷிஃப்டு முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு விரைகிற கம்பெனி பஸ்கள்தான். ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், இன்னொரு பக்கம் ஒரகடம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உருள ஆரம்பித்தது. 2006-ல் நோக்கியா வந்து, 2014-ல் மூடிக்கொண்டு போனது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறந்தது. ஆலை வந்தால் ஆள் வரும். ஆள் வந்தால் வீடு வேண்டும். ஏரியும் வயலுமாக இருந்த ஊர்களைச் சுற்றி வரிசை வரிசையாக வாடகை வீடுகள் முளைத்தன.

அதே மணிமங்கலத்தில் ராஜகோபாலப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் கற்சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள். எந்தப் போரில் யார் ஜெயித்தார்கள், எந்த நிலம் யாருக்குப் போனது என்று சுவர் முழுக்க எழுத்து. ஆயிரம் வருஷ எழுத்துள்ள கல் சுவர் ஒரு பக்கம், நேற்று எழும்பிய சிமென்ட் சுவர் ஒரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த சுவர் எங்கே போனது? காரைச் சுவர், மண் சுவர், வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர்... அதன் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். 'வீட்டுச் சுவருக்கு நானே டெக்ஸ்சர் அடிக்கப்போறேன்' என்று புட்டி டப்பாவும் ரோலரும் வாங்கி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கூர்ந்து கவனிக்கவும்!

தமிழ்நாட்டுச் சுவர்ப் பூச்சு ஆரம்பிப்பது சுண்ணாம்புக் காளவாயில். மலைப்பக்கம் என்றால் சுண்ணாம்புக் கல், கடற்கரைப் பக்கம் என்றால் கிளிஞ்சல். சென்னைக்குப் பழவேற்காடு ஏரியின் கிளிஞ்சல். கல்லோ கிளிஞ்சலோ, இரண்டும் ஒரே சரக்குதான். காளவாயில் போட்டு சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால், அதற்குள் இருக்கும் கரியமில வாயு பறந்துபோய்ச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதன் மேல் தண்ணீர் விட்டால், அடுப்பே இல்லாமல் தளதளவென்று கொதிக்கும்! இதற்கு நீற்றுவது என்று பெயர். நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் ஊறப்போட்டு, மணல் சேர்த்து, மாடு கட்டிய கல் செக்கில் வெண்ணெய் மாதிரி அரைப்பார்கள். 'சுண்ணாம்பு எவ்ளோ ஊறுதோ சுவரு அவ்ளோ நிக்கும் சார்' என்பது பழைய கொத்தனார்களின் பேச்சு.

சுவரில் ஏறிய பிறகுதான் வேடிக்கை. சூளையில் எந்த வாயுவைப் பறிகொடுத்ததோ, அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிவிடுகிறது. கல்லாகப் பிறந்து, பொடியாகிக் குழைந்து, நம் சுவரில் ஏறி, திரும்பவும் கல்! ஆனால், இது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நடக்கிற வேலை. அவசரப்பட்டால் நடக்காது.

இதில் நம் ஆட்கள் சேர்த்த கைப்பக்குவம்தான் வெள்ளைக்காரர்களை வாய்பிளக்க வைத்தது. 1730-களின் தொடக்கத்தில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதி அனுப்பியவர் ஐசக் பைக். செயின்ட் ஹெலினா தீவின் கவர்னர். (பின்னாளில் நெப்போலியனைச் சிறைவைத்தார்களே, அதே தீவு!) கட்டுரையின் விஷயம், மெட்ராஸில் முதல்தரமான சாந்து எப்படிச் செய்கிறார்கள் என்பது. நியூட்டன் தலைவராக இருந்த சபையின் பத்திரிகையில் நம்ம ஊர் கொத்தனாரின் சமையல் குறிப்பு!

சமையல் குறிப்பு என்று சும்மா சொல்லவில்லை. மணலும் சுண்ணாம்பும் சம அளவு. கரைத்த வெல்லம். வேகவைத்த கொள்ளுத் தண்ணீர். கடுக்காய்ச் சாறு. மேல்பூச்சுக்கு இன்னும் விசேஷம்... முட்டை வெள்ளைக்கரு, நெய், தயிர். ஆங்கிலத்தில் எழுதும்போது தயிரை 'டயர்' என்றே எழுதிவிட்டார்கள். நம் சுண்ணாம்பு அவர்கள் வாயில் 'சுனாம்' ஆகி, 'மெட்ராஸ் சுனாம்' என்று உலகமெல்லாம் பெயர் வாங்கியது. பல தடவை பூசி, கடைசிப் பூச்சை வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினால், சலவைக்கல்லா சுண்ணாம்பா என்று தடவிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளில் இன்றைக்கும் அந்தச் சுவரைப் பார்க்கலாம். நூறு வருஷம் தாண்டியும் கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கும்.

'என்னய்யா, சுவருக்கு முட்டையும் வெல்லமுமா? எல்லாம் மூடநம்பிக்கை!' என்று சிரிக்க வேண்டாம். வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் கூடுதலாகக் கரைய வைக்கிறது; சாந்து சீக்கிரம் இறுகாமல் குழைவாக இருக்கிறது. கடுக்காயின் துவர்ப்பும் முட்டையின் புரதமும் பூச்சைப் பிடிப்பாக்குகின்றன. நெய் தண்ணீரை விரட்டுகிறது. இதே யோசனை வேறு நாடுகளிலும் உதித்திருக்கிறது. மொராக்கோவில் 'தடெலாக்ட்' என்று ஒரு பூச்சு. சுண்ணாம்புப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் சோப்பால் மெருகு போடுவார்கள். தண்ணீர் இறங்காது என்பதால் குளியலறைக்கே அதைத்தான் பூசுகிறார்கள். வெனிஸ்காரர்கள் சலவைக்கல் தூளைச் சுண்ணாம்பில் கலந்து பூசினார்கள். இன்றைக்குக் கடையில் 'ஸ்டக்கோ ஃபினிஷ்' என்று டப்பாவில் விற்கிறார்களே, அதற்குப் பாட்டன் இவர்கள்தான்.

அரண்மனைக்கும் செட்டிநாட்டுக்கும் சுனாம் சரி. சாதாரண ஜனங்கள் வீட்டில்?

அங்கேதான் அசல் 'நாமே செய்துகொள்ளும்' பூச்சு இருந்தது. மண் சுவர். களிமண்ணோடு வைக்கோல் துணுக்கு, உமி போட்டு மிதித்துக் குழைத்துப் பூசுவார்கள். அதன் மேல் சாணியும் மண்ணும் கரைத்து மெழுகுவார்கள். கீழே செம்மண் பட்டை. வசதி உள்ள வீட்டில் மேலே சுண்ணாம்பு. கொத்தனாரைக் கூப்பிட மாட்டார்கள். வீட்டுப் பெண்களே செய்வார்கள். உள்ளங்கையால் அரைவட்டமாக இழுக்கும்போது விரல் வரிகள் அலை அலையாகச் சுவரில் பதியும். இன்றைக்கு ரோலரும் சீப்புக் கரண்டியும் வைத்துக்கொண்டு 'டெக்ஸ்சர்' என்று நாம் வரவழைக்கப் பார்க்கிற அதே அலை! மழைக்காலத்தில் கொஞ்சம் கரையும், தை மாதத்துக்கு முன்னால் திரும்பப் பூசுவார்கள். 'யக்கா, இந்த வாட்டி சாணி பத்தல போலிருக்கே, விரிசல் விடுது' என்று ஒருத்தி சொன்னால், இன்னொருத்தி பக்குவம் சொல்லித் தருவாள். பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லித்தராத கல்வி.

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதும் அப்படித்தான். பானையில் சுண்ணாம்பை நீற்றி, சட்டையில் ஒட்டாமல் இருக்க வடிகஞ்சியோ வச்சிரப் பசையோ சேர்த்து, பளிச்சென்று இருக்கத் துளி நீலம் கலந்து, தேங்காய் மட்டையை நசுக்கிப் பிரஷ் பண்ணி அடித்தது ஒரு தலைமுறை. பூச்சி பொட்டு அண்டாது. வருஷத்துக்கு ஒரு தரம் வீட்டின் ஒவ்வொரு மூலையையும் வீட்டுக்காரர் கண்ணால் பார்த்தார். எங்கே விரிசல், எங்கே ஓதம், எங்கே கரையான் என்று தெரிந்தது. வெள்ளையடிப்பு என்பது சுவருக்கு நாம் செய்த வருடாந்திர உடல் பரிசோதனை!

இந்தக் காட்சிக்குள் சிமென்ட் நுழைந்தது. 1824-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 'போர்ட்லாண்ட் சிமென்ட்' என்று காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் 1904-ல் சிமென்ட் செய்து பார்த்த முதல் முயற்சி நம்ம மெட்ராஸில்தான். கடல் கிளிஞ்சலை வைத்துச் செய்தார்கள். சரிப்படவில்லை. 1914-ல் போர்பந்தரில் சரிப்பட்டது. அப்புறம் தமிழ்நாட்டில் மடமடவென்று... 1934-ல் மதுக்கரை, 1939-ல் டால்மியாபுரம், 1949-ல் தாழையூத்து.

சிமென்ட் ஜெயித்ததற்குக் காரணம் ஒரே வார்த்தை: வேகம். ஊறப்போட வேண்டாம், செக்கு வேண்டாம், காற்றை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தண்ணீர் பட்டதும் வேலையை ஆரம்பித்து, சில மணி நேரத்தில் இறுகிவிடும். ஓட்டுவீடும் மண் வீடும் இடிந்து, 'ஒருவாட்டி பூசிட்டா ஆயுசுக்கும் கவலையில்ல' என்ற நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் ஏழைக்கு ஒழுகாத வீடு கிடைத்திருக்காது. அதைக் குறைசொல்ல முடியாது.

ஆனால், இந்த மாற்றத்தில் சத்தமில்லாமல் இரண்டு விஷயங்கள் கைமாறிவிட்டன.

ஒன்று, கரண்டி. மண் சுவரையும் சாணிப் பூச்சையும் செய்த கை பெண்ணின் கை. மெட்ராஸ் டெரஸ் என்று பேர்பெற்ற மொட்டைமாடித் தளத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கியதில் பெண்கள் ஏராளம். சிமென்ட் வந்து பூச்சு ஒரு கூலித் தொழிலாக ஆனபோது, கரண்டியும் மணியாஸ் கட்டையும் ஆண் கைக்குப் போயின. பெண்ணின் தலைக்குப் பாண்டுச் சட்டி போனது. கொத்தனார், பெரியாள், சித்தாள் என்று மூன்று படி. சித்தாள் என்றாலே பெண் என்று ஆகிவிட்டது. இருபது வருஷம் கலவை சுமந்தாலும் சித்தாள் சித்தாள்தான். கூலியும் அப்படியே. கொத்தனார் என்ற வார்த்தைக்குப் பெண்பால் நம் பேச்சில் இன்னும் வரவில்லை, கவனித்தீர்களா? இத்தனைக்கும் இதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில்தான் ஆயிரக்கணக்கான பெண்கள் செல்போனின் கடுகளவு உதிரிப் பாகங்களைப் பிசகாமல் பொருத்துகிறார்கள். கை நிதானம் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

இரண்டாவது, சுவரைப் பற்றிய அறிவு. பழைய காரைச் சுவருக்கு நுண்ணிய துளைகள் உண்டு. தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தை வெளியே விட்டுவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதன் மேல் போய் 'கெட்டியா இருக்கட்டும்' என்று சிமென்ட் பூசினால், மூக்கைப் பொத்தின கதைதான்! ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். உப்பு பூக்கும். கெட்டிப் பூச்சும் மெத்தென்ற சுவரும் வெயிலுக்கும் குளிருக்கும் ஒரே மாதிரி அசைந்துகொடுக்காது. நாலைந்து மழைக்காலம் போனால் பாளம் பாளமாகப் பெயரும். பெயரும்போது நூறு வருஷச் செங்கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு வரும். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிற நிபுணர்கள் இன்றைக்கு மறுபடியும் கடுக்காயும் வெல்லமும் ஊறவைப்பது ஏக்கத்தால் இல்லை, இந்தக் காரணத்தால்தான்.

பூச்சு என்பது மறைப்பதும்கூட. அதற்கும் நம்மிடம் சரித்திரம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியம் இருந்தது. 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி உள்ளே போய்ப் பார்த்தார். மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில், அடியிலிருந்து எட்டிப் பார்த்தது ராஜராஜன் காலத்துச் சோழ ஓவியம்! பழைய சுண்ணாம்பின் மேல் புதுச் சுண்ணாம்பைப் பூசியிருந்ததால் உள்ளே இருந்தது பிழைத்தது. சிமென்ட்டாக இருந்திருந்தால்? நினைத்தாலே பகீரென்கிறது. ஊர்க் கோயில்களில் கும்பாபிஷேகம் என்ற பெயரில் கல்வெட்டு மேல் பெயின்ட்டும் சிமென்ட்டும் ஏறுவதைப் பார்க்கும்போது அதே பகீர்தான் வருகிறது. ஒரு கரண்டி சிமென்ட் போதும், ஒரு ராஜாவின் பேச்சை நிறுத்த!

சரி, நம் வீட்டுக்கு வருவோம். இன்றைக்கு ஊர் ஊராக ஹார்டுவேர் கடையில் புட்டி மூட்டையும் டெக்ஸ்சர் டப்பாவும் அடுக்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவில் நாமே ஒரு சுவரைப் பண்ணிப் பார்க்கலாம் என்று ஆசை வருகிறது. தாராளமாகச் செய்யலாம். பாட்டி செய்ததைத்தான் பேரனும் பேத்தியும் செய்யப்போகிறார்கள். ஆனால், பாட்டிக்கு அடியில் இருப்பது என்ன சுவர் என்று தெரியும். நமக்கும் அது தெரிய வேண்டும்.

காரைச் சுவரா, சிமென்ட் சுவரா? காரை என்றால் சுண்ணாம்பே துணை. பிளாஸ்டிக் மாதிரி படிகிற பெயின்ட்டும் புட்டியும் வேண்டாம். சிமென்ட் சுவர் என்றால் ஓதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பாலித்தீன் காகிதத்தைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சுவரை ஒட்டிய பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால், முதலில் ஈரம் வருகிற வழியை அடைக்க வேண்டும். அதற்கு மேல் எத்தனை ஆயிரம் ரூபாய் டெக்ஸ்சர் அடித்தாலும் கொப்பளித்துவிடும். புதுப் பூச்சுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் காட்டி, ஒரு மாதமாவது காயவிட்டு அப்புறம் பெயின்ட். முதல் தடவையே வரவேற்பறைச் சுவரில் கைவைக்காமல், ஒரு பழைய பலகையில் பழகிக்கொள்வது புத்திசாலித்தனம்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது மட்டும் எச்சரிக்கை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பெயின்ட்டை உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், ஈயத் தூசி வீடெல்லாம் பறக்கும். குழந்தைகளின் மூளையைத்தான் அது முதலில் பிடிக்கும். நனைத்துத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சுண்ணாம்பு நீற்றுவதானால் கண்ணாடி கட்டாயம். கொதிக்கிற சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போகும்.

மகேந்திரவர்மன் சுதையே இல்லாமல் காரியத்தை முடித்துக்கொண்டான். மலையைக் குடைகிற வசதி அவனுக்கு இருந்தது. மணிமங்கலத்தில் ஒன்றரை கிரவுண்டில் வீடு கட்டியவருக்கு அந்த வசதி கிடையாது. அவருக்குச் சுவர் உண்டு, பூச்சு உண்டு, வருஷத்துக்கு ஒரு தரம் அதைப் பார்த்துக்கொள்கிற கடமையும் உண்டு. ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், கட்டிலுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத மூலையில் வீட்டுச் சாவியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக மாவு மாதிரி உதிர்ந்தால் சுண்ணாம்பு, சாம்பல் நிறத்தில் சாவியையே திருப்பி அடித்தால் சிமென்ட். அதைத் தெரிந்துகொண்டு கரண்டியை எடுங்கள். முதல் கரண்டியை வீட்டு அம்மா கையில் கொடுத்தால் இன்னும் விசேஷம். அது அவர்கள் கையிலிருந்து வந்ததுதானே!